மூன்றாம் மாடியில் அப்படி ஒரு பிள்ளை இல்லை

வெள்ளவத்தையில் ஐந்து மாடி ஃப்ளாட் ஒன்றில் நெடுங்காலம் மனேஜராக இருந்தேன். லிஃப்ட் நின்றால், வோட்டர் பம்ப் எரிந்தால் என்ன செய்வது என்று புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள். அதையெல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொள்வான். கேற்றில் ஆள் வந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனவே அதைச் சொல்கிறேன்.

1. வந்தவர்கள்

ஒரு நாள் நான் பம்புக்குச் சாமான் வாங்கப் போயிருந்த நேரம், சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து, மூன்றாம் மாடியில் அபிநயா என்ற பிள்ளை இருக்கிறாளா என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார்கள். தலைமயிர் ஒட்ட வெட்டு, பளபளக்கும் சப்பாத்து. ஆமி என்று நினைக்க எங்கள் ஆட்களுக்கு அதுவே போதும். முதலாம் மாடி ராசமலர் அக்கா தெரியாது என்றார். இரண்டாம் மாடி நடராஜா, பாங்கில் இருந்து பென்ஷன் எடுத்தவர், அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்று அடித்துச் சொன்னார். யுத்தம் நடந்த செக்கிங் காலத்தில் ஊறிய பழக்கம் அது. பெயர் கேட்டு வருகிறவனுக்கு ஆளைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

"பிள்ளையைக் காப்பாத்திப் போட்டன்," என்றார் நடராஜா பெருமையாக.

பின்னேரம் அபிநயா என் ஒஃபிசுக்கு ஓடி வந்தாள். பள்ளிக்கூட மாணவர் படையில் கெடெற்றாக இருந்தவள், ஏ.எல். எழுதிய கையோடு இராணுவ அக்கடமிக்கு அப்ளிகேசன் போட்டிருந்தாள்.

"அங்கிள், வந்தவை என்ர வீட்டு விசாரணைக்கு வந்தவை. அப்படி ஒரு ஆளே இல்லையெண்டு இங்க சொன்னவையாம்!"

அதிகாரிப் பயிற்சியோடு என்ஜினியரிங் படிப்பு. ஓட்டம், மெடிக்கல், இன்ரவியூ எல்லாம் தாண்டிவிட்டாள். இது ஒன்றுதான் மிச்சம். அவள் போனில் கெஞ்சியதில் இன்னொரு தரம் வர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போதும் ஆள் இல்லையென்றால் அவ்வளவுதான்.

எனக்கும் சந்தேகம் விடவில்லை. "எங்கட பிள்ளையை உண்மையா எடுப்பினமோ? இல்லாட்டி தமிழ்ப் பிள்ளையும் இருக்கெண்டு படம் பிடிச்சுக் காட்டவோ?"

"காட்ட எடுத்தாலும் பரவாயில்லை அங்கிள். உள்ளுக்குப் போனாப் படிக்கப்போறது நான்தானே."

2. திரும்பவும்

மாடி மாடியாக ஏறி விஷயத்தைச் சொன்னேன். நடராஜா பாய்ந்தார். "ஓம் எண்டு சொல்லி நாளைக்குப் பிள்ளையைத் தூக்க வெள்ளை வான் வந்தா ஆர் பொறுப்பு, நீரோ?"

ஆனாலும் அவர்கள் வந்தபோது ராசமலர் அக்கா கேள்வி முடிய முதலே "ஹொந்த லமயா" என்றார், நல்ல பிள்ளையாம். பாய்ந்த நடராஜாவும் அக்கா சொன்னதையே சொல்லுக்குச் சொல் சொன்னார். வந்தவர்களில் மூத்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாத பிள்ளை இன்றைக்கு எல்லோருக்கும் நல்ல பிள்ளையா, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அப்படியானால் வீட்டிலேயே கேட்போம் என்று மேலே ஏறினார்.

நானும் பின்னால் ஏறினேன். அபிநயாவின் தாய் சுலோசனாவுக்கு இதில் விருப்பமில்லை. தகப்பன் அப்ளிகேசனில் கையெழுத்துப் போட்டபோது எழுந்து அறைக்குள் போனவர். யுத்தக் காலத்தில் சுலோசனாவின் தமையனைக் கொட்டாஞ்சேனை லொட்ஜில் இருந்து சின்ன விசாரணை என்று கூட்டிப்போனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

கதவு சங்கிலி போட்டபடி நாலு விரல் அகலம் திறந்தது. அபிநயா இருக்கிறாளா என்று மூத்தவர் கேட்டார். சுலோசனா இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் மகள் எங்கேயும் போகமாட்டாள். அது சுலோசனாவுக்கும் தெரியும்.

"முதல்ல உங்கட பேரைச் சொல்லுங்கோ," என்றார் சிங்களத்தில். "ஐ.டி.யையும் காட்டுங்கோ."

மூத்தவரின் முகம் சுருங்கியது. பிறகு அட்டையை எடுத்துக் காட்டிப் பெயரைச் சொன்னார். சுலோசனா அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இளையவரும் சொல்லும்வரை சங்கிலியில் கை வைக்கவில்லை.

"என்ர அண்ணாவைக் கொண்டுபோனவை பேர் சொல்லேல்லை," என்றார் என்னிடம், தமிழில். சங்கிலியைக் கழற்றினார். "மகே துவ," என்றார் அவர்களிடம். என் மகள்.

அபிநயாவை எடுத்தார்கள். புது மனேஜர்மாருக்கு நான் சொல்வது இதுதான்: தெரியாது என்றும் சொல்லாதே, ஓம் என்றும் சொல்லாதே. ஆளைக் கேட்டு வருகிறவர் முதலில் தன் பெயரைச் சொல்லட்டும்.

லீவில் அபிநயா யூனிபோமோடு வந்து பெல் அடித்தாலும், சுலோசனா சங்கிலிக்கு உள்ளே நின்றுதான் "ஆர்?" என்று கேட்கிறார். அவளும் முழுப் பெயரைச் சொல்கிறாள்.