நான் தடை செய்த உதை

என் மகள் எட்டாம் வகுப்புக்குப் புனேவுக்கு வந்ததே என்னைத் தனியாக விடக் கூடாது என்றுதான். எனக்கு ஆகுர்டியில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. மனைவி கோவையில் அரசுப் பள்ளி ஆசிரியை, வேலையை விட்டுவிட்டு வர முடியாது. “நான் அப்பாகூடப் போறேன். ஒரு வருசம் பாக்கறேன், புடிக்கலைன்னா திரும்பி வந்தர்றேன்” என்று மகளே முடிவு செய்தாள். ஔந்தில் வீடு பிடித்தோம். புது நூற்றாண்டு பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது.

அந்த ஒரு வருடத்துக்குள் அவளுக்கு இங்கே நாலு பிள்ளைகளாவது பழக்கமாகிவிட வேண்டும், இல்லாவிட்டால் போய்விடுவாள் என்பதே என் கவலை. அவளுக்கு இந்தி தடுமாறும், மராத்தி சுத்தமாக வராது. மாலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருவேன். குடியிருப்பின் பிள்ளைகளெல்லாம் கீழே கத்திக்கொண்டிருக்க, இவள் மட்டும் மூன்றாம் மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என் நிலைமையும் அதுதான். லிஃப்டில் யாராவது முகம் பார்த்துச் சிரித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அது நினைவில் இருக்கும்.

பொழுது போகட்டும் என்று பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கூடவே ஒரு சண்டை விளையாட்டு கேசட் வந்தது. டிவியில் இரண்டு பேர் நின்று அடித்துக்கொள்வார்கள். அவள் அதைப் பாடம் படிப்பது போலப் படித்தாள். கேசட் இருக்கிற செய்தி எப்படியோ பரவி, ஒரு சனிக்கிழமை எங்கள் வாசலில் ஐந்தாறு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. அவற்றைத் தாண்டி உள்ளே போய் ஆட்டத்தைக் கலைக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் படியிலேயே நின்றிருந்தேன்.

கணபதி பண்டிகை வந்தது. எங்கள் குடியிருப்பில் பத்து நாளும் ஏதாவது போட்டி நடக்கும். கேரம், ஸ்பூனில் எலுமிச்சம்பழம், மாறுவேடம். அந்த வருடம் பிள்ளைகள் கெஞ்சிக் கேட்டதால் இந்தச் சண்டை விளையாட்டையும் சேர்த்தார்கள். கலந்துகொண்டவர்களில் இவள் ஒருத்திதான் பெண்.

அரையிறுதி வரை வந்துவிட்டாள். அவள் ஆட்டம் எளிமையானது. எதிராளியைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், காலைக் குறிவைத்து ஒரே உதையைத் திரும்பத் திரும்ப உதைப்பாள். விழுந்தவன் எழுவதற்குள் அடுத்த உதை. பக்கத்து சி விங் கட்டடத்தின் உயரமான பையன் ஒருவன் அப்படித் தோற்றதும் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு, ஒரே உதையையே உதைக்கிறாள் என்று கத்தினான்.

“அங்கிள், சீட்டிங்! ஏக் ஹி கிக் மார் ரஹீ ஹை!”

“கேம்ல இருக்கறதைத்தானே அடிச்சா? அப்புறம் எப்படி சீட்டிங்?” என்று கண்ணாடி போட்ட சிறுவன் ஒருவன் இந்தியில் கேட்டான். “எழுந்திருக்கவே விடலைன்னா அது என்ன சண்டை?” என்றாள் தோற்ற பையனின் அம்மா. பின்னாலிருந்து யாரோ “மத்ராசி திமாக்!” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் மூளையைப் பற்றிய கிண்டல். நானும் சிரித்து வைத்தேன்.

குடியிருப்பின் செயலாளர், ஓய்வு பெற்ற மனிதர், மைக்கோடு என்னிடம் வந்தார். “சாஹேப், பச்சி ஆப்கி ஹை. ஆப் ஹி போலோ.” உங்கள் பெண், நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள், உங்கள் பேச்சுக்கு மறுபேச்சில்லை என்றார்.

தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். அளவுக்கருவி வைத்துப் பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் தள்ளுபடி செய்ததில்லை. அன்றைக்கு அந்த உதையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. சொந்தப் பெண்ணுக்குச் சாதகமாகப் பேசினான் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் மட்டும்தான் இருந்தது. அந்த உதை சரியில்லை, தடை செய்துவிடலாம், இந்த ஆட்டத்தை மறுபடி ஆடட்டும் என்று மைக்கில் ஆங்கிலத்தில் சொன்னேன்.

கை தட்டினார்கள். எனக்காக அந்த ஊரில் யாரும் அதற்கு முன் கை தட்டியதில்லை.

“நெசமாவாங்ப்பா?” என்று மகள் தமிழில் கேட்டாள். அங்கே அது எங்கள் இருவருக்கு மட்டும் புரிந்தது.

“உடு கண்ணு, வெளையாட்டுதானே. நாலு பேர் பாக்கறாங்க.”

அவள் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த உதையை ஒரு தடவைகூட உதைக்கவில்லை. இரண்டு சுற்றிலும் தோற்றாள். “வாஹ், ஐசா ஆத்மி சாஹியே”, இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று செயலாளர் என் முதுகில் தட்டி, வீட்டுக்கு டீ குடிக்கக் கூப்பிட்டார். போனேன். அவர் மனைவி தட்டு நிறைய மோதகம் வைத்தாள். ஆறு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். மகள் மேலே தனியாக இருந்தாள்.

நான் மேலே வீட்டுக்குத் திரும்பியபோது அவள் தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். “அதைத் தடுக்கலாமுங்ப்பா. குனிஞ்சுக்கிட்டு பின்னாடி பட்டனை அழுத்துனாப் போதும். அவங்க கத்துக்கலை.”

“எனக்கு எப்பிடிக் கண்ணு தெரியும்?”

“எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்லீங்?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் டியூஷன் போயிருந்தபோது நானே டிவி முன்னால் உட்கார்ந்தேன். தனியாக ஆடினால் எதிராளியைப் பெட்டியே ஆட்டும்; முதலில் யார் என் ஆள் என்பதே புரியவில்லை. அரை மணி நேரத்தில் குனியக் கற்றுக்கொண்டேன். அந்த உதை வந்தது, தடுத்தேன். மறுபடி வந்தது, மறுபடியும் தடுத்தேன். வெறும் அரை மணி நேரம். கீழே போய்ச் செயலாளரைப் பிடித்து, என் தீர்ப்பு தவறு, அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள் என்றேன். “ஜானே தோ சாஹேப், பச்சோங் கா கேல் ஹை”, விட்டுத்தள்ளுங்கள் என்று சிரித்தார். பிள்ளைகள் விளையாட்டை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளும் ஆள் என்று என்னைப் பற்றி நினைத்திருப்பார்.

பிள்ளைகள் அதற்குப் பிறகும் சில வாரம் வந்தார்கள். ரிமோட்டை அவர்களிடம் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போய்ப் படிப்பாள். ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆண்டுப் பரீட்சை முடிந்ததும், “இந்தி வரமாட்டேங்குதுங்ப்பா, நான் அம்மாகிட்டயே போறேன்” என்றாள். இந்திதான் காரணமா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிச்சல் இல்லை. ரயிலேற்றிவிட்டு வந்து, இரண்டு பேருக்கு வாங்கியிருந்த பாலை என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்பங்கரையில் நின்றது நினைவிருக்கிறது.

அடுத்த கணபதிக்கு என்னையே நடுவராக உட்கார வைத்தார்கள். நியாயமான ஆள் என்று பெயர் வாங்கியிருந்தேனே. இறுதிப் போட்டியில் சி விங் பையன் எதிராளியை ஓரத்துக்குத் தள்ளி, அதே உதையைத் திரும்பத் திரும்ப உதைத்தான். யாராவது எழுந்து ஏதாவது சொல்வார்கள் என்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அம்மாவும் கை தட்டினாள். போன வருடம் இதைத் தடை செய்தோமே என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. கோப்பையை அவன் கையில் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கோவைக்கு போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“ஓ” என்றாள். பிறகு, “எப்பிடி ஆடுனான்?”

“உன்னை மாதிரி வரலை கண்ணு. நீ நல்லா ஆடுன.”

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

“அதை அன்னைக்கு மைக்குல சொல்லியிருக்கலாமுங்ப்பா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “இருங்க, அம்மாகிட்டத் தர்றேன்.”

இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். வாரம் தவறாமல் பேசுகிறோம். நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். எங்கேயாவது கூட்டமாகக் கை தட்டும் சத்தம் கேட்டால் இன்றும் அங்கிருந்து நகர்ந்துவிடுகிறேன்.