பிசிறு பிடுங்கும் கை

துணிக்கடையில் அவளுக்குப் பெயர் அளவக்கா. வாங்க வந்தவருக்கு உடுப்பு பொருந்தாமல் முறைத்துக்கொண்டால் ட்ரையல் ரூமுக்குள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே ஒரு பிடி, அங்கே ஒரு மடிப்பு. பீப்பாயாக உள்ளே போனவர் பூங்கொத்தாக வெளியே வருவார். கண்ணாடியில் அந்த முகம் மலர்வதைத் தோளுக்குப் பின்னாலிருந்து பார்ப்பதுதான் தன் சம்பளத்தில் பாதி என்பாள். முதலாளியும் அப்படியே நினைத்திருக்க வேண்டும், மீதிப் பாதியைத்தான் கொடுத்தார்.

அந்த அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. மேலே, கட்டின புருஷன்கூடப் பார்க்காததையெல்லாம் பார்த்துவிடும் விளக்கு. அளவக்காவின் தாடையில் முடி இருந்தது. "நாலே நாலு" என்பது அவள் கணக்கு. கண்ணாடிக்குக் கணக்கு நன்றாக வரும். பிடுங்கிய இடமெல்லாம் கரும்புள்ளி வேறு. வெட்டுவதற்குப் புள்ளி குறித்துவிட்டுத் தையல்காரர் ஊருக்குப் போய்விட்ட துணி மாதிரி இருக்கிறது என்று தன் முகத்தைப் பற்றி அவளே சொல்வாள்.

ஊரே முகமூடி மாட்டிய காலத்தில் அவளும் மாட்டினாள். ஊர் கழற்றியது, அவள் கழற்றவில்லை. கேட்டால் "துணித் தூசி ஒத்துக்கலை" என்பாள். வாயில் கவ்வ வேண்டிய குண்டூசிகளை முகமூடியிலேயே குத்திக்கொண்டு முள்ளம்பன்றி போல வளைய வந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட திருப்தி.

முதலாளி அதில் கை வைத்தார். "அளவக்கா, இன்னும் ரெண்டு மாசம்தான், அப்புறம் கடையில யாருக்கும் முகமூடி கிடையாது. நீங்க பேசறதே புரியலை. கையைத் தூக்கச் சொன்னா கஸ்டமர் காலைத் தூக்கறாங்க. தூசி ஒத்துக்கலைன்னா பின்னாடி விளிம்பு மடிக்கிற மெஷின்ல உக்காந்துக்கங்க."

பின்னாடி மெஷின் சுவரைப் பார்த்துக் கிடக்கும். சுவர் எந்த உடுப்பைப் போட்டும் மலராது. அளவக்கா லேசர் கிளினிக்குக்கு ஓடினாள்.

"லேசர் முடியோட கறுப்பைத் தேடித்தான் போகும்மா. உள்ள வேர் இருந்தாத்தான் சுடும். அதனால பிடுங்கக் கூடாது, நூல் போட்டு எடுக்கக் கூடாது. ஷேவ் பண்ணிட்டு மட்டும் வாங்க" என்றார் டாக்டரம்மா.

"ஷேவா? மீசையே முளைச்சிடுமே!"

"முளைக்காது. அதெல்லாம் கட்டுக்கதை."

வீட்டில் பஸ் ஓட்டும் புருஷனிடம் போய் நின்றாள். "ஏங்க, ஒரு புது ரேசர் குடுங்க. ஷேவ் பண்ணணும்."

அவர் செய்தித்தாளை இறக்கினார். "இந்த வீட்ல ஆம்பிளை யாருன்னு ரொம்ப நாளா ஒரு சந்தேகம் இருந்துச்சு."

"தெளிஞ்சுதுல்ல? சோப்பையும் எடுங்க."

முதல் தடவை, ரப்பர் பேண்டை இழுத்துவிட்டது மாதிரி சுரீர் சுரீர் என்றது. வாரங்கள் கழித்து இரண்டாவது தடவை போனபோது டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். பல இடங்களில் லேசருக்கு வேலையே இல்லை. வேரோடு காலி.

"பிடுங்கறீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டரம்மா. தொடக்கூட இல்ல."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கை நீண்டு, டாக்டரம்மாவின் கோட்டுக் கையில் தொங்கிய நூல்பிசிறைச் சட்டென்று பிடுங்கி, உருட்டிப் பைக்குள் போட்டது. டாக்டரம்மா அந்தக் கையையே பார்த்தார்.

"இதை எப்பம்மா பிடுங்கினீங்க?"

"எதை?"

அளவக்காவும் தன் கையைப் பார்த்தாள். பஸ்ஸில், டிவி முன்னால், தூக்கம் வரும் நேரத்தில் அது எங்கே இருந்தது என்று யோசித்தாள். தாடையில்தான். பிசிறோடு எதையும் வெளியே விடாத கை, சொந்த முகத்தை மட்டும் விட்டுவிடுமா?

"குற்றவாளியைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன், பாருங்க" என்றாள்.

"புள்ளிக்கும் அதான் காரணம். வெயில் பாதி, உங்க விரல் பாதி. முதல்ல விரல் நிக்கட்டும், அப்புறம் புள்ளியைப் பாக்கலாம்."

அன்றிலிருந்து கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும், ஊசி குத்தாமலிருக்கத் தையல்காரர்கள் மாட்டும் உலோகத் தொப்பி. "சாப்பிடும்போதாவது கழட்டு, தட்டு டொங்கு டொங்குங்குது" என்றார் புருஷன். கை அடங்கியது. முடியோ, காவல்காரன் கிடைத்த தைரியத்தில் செழித்தது.

முகமூடியில்லாத முதல் நாள் காலையில் பார்த்துப் பார்த்து ஷேவ் செய்தாள். ஆனால் குளியலறை விளக்குக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. தாடைக்கு அடியில் ஒன்று, சுருண்டு, நீளமாகத் தப்பிவிட்டது.

முதல் ஆளாக வந்தவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. கோட்டுக்கு அளவு பார்க்க வேண்டும், ஆனால் கழுத்தில் சுற்றிய ஸ்கார்ஃபைக் கழற்ற மாட்டேன் என்றார். "சளி" என்றார். துணித் தூசி சொன்னவளுக்குச் சளியைக் கேள்வி கேட்க என்ன யோக்கியதை? அளவக்கா குண்டூசிகளை வாயில் கவ்வி, தலையைக் குனிந்தபடியே இடுப்பைப் பிடித்தாள். பிறகு தோளுக்கு நிமிர்ந்துதானே ஆக வேண்டும்.

"கொஞ்சம் இருங்க, தாடையில நூல் ஒட்டியிருக்கு." தலைமையாசிரியையின் கை நீண்டது.

"ஐயோ, பிடுங்காதீங்க! டாக்டர் திட்டுவாங்க!"

குண்டூசிகள் தரையெல்லாம் சிதறின. திரைக்கு வெளியே கடையே திரும்பிப் பார்த்தது. அளவக்காவுக்குச் சுவரும் மெஷினும் கண்ணில் தெரிந்தன.

"என்ன அளவக்கா? என்ன சத்தம்?" முதலாளியின் குரல்.

தலைமையாசிரியையின் கை அந்தரத்திலேயே நின்றது. பள்ளிக்கூடத்தையே அடக்கும் குரல் அடித்தொண்டைக்கு இறங்கியது. "எந்த டாக்டர்?"

ஸ்கார்ஃப் ஒரு விரற்கடை கீழே வந்தது. கழுத்திலும் அதே புள்ளிகள், அதே குற்றவாளியின் கைவேலை.

"வலிக்குமா?"

"சுடறது ஒண்ணும் பெரிசில்ல மேடம். கையைச் சும்மா வச்சிருக்கிறதுதான் உயிர் போகுது."

"அளவக்கா! முடியலைன்னா பின்னாடி போய்..."

"இவங்க எங்கயும் போகலை!" தலைமையாசிரியை திரைக்கு மேலாகக் குரல் கொடுத்தார். "அளவு இன்னும் முடியலை. அடுத்த வாரமும் இவங்ககிட்டதான் வருவேன்."

முதலாளியின் செருப்புச் சத்தம் வேகமாகப் பின்வாங்கியது. ஸ்கார்ஃப் முழுவதுமாகக் கழன்றது. அளவக்கா குனிந்து ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். கோட்டுக் காலரில் ஒரு கறுப்புப் பிசிறு. கை தானாக எழுந்து, பாதியில் பயந்து நின்றது.

தலைமையாசிரியை கண்ணாடியில் எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

"அது நூல்தான். பிடுங்குங்க."