முதுகு கொடுக்க மறுத்த எல்ஸ்பெட்

எல்ஸ்பெட் ஸ்லேட்டரைப் பற்றி எங்கள் மீன்பிடி ஊரான ஸ்கார்ஹேவனில் ஆண்கள் ஒரு மாதிரி பேசுவார்கள், பெண்கள் ஒரு மாதிரி பேசுவார்கள். ஆண்களைக் கேட்டால் அவள் வாயாடி, பிடிவாதக்காரி, கட்டிய புருஷனைக் கடற்கரையில் நிற்க வைத்து மானத்தை வாங்கியவள். பெண்கள் முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். நான் நாற்பது வருஷம் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி. நடந்ததெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊருக்குத் துறைமுகம் கிடையாது, வெறும் கூழாங்கல் கரைதான். படகு மிதக்கிற ஆழம் வரைக்கும் ஆண்களை முதுகில் சுமந்துகொண்டு போய் ஏற்றிவிடுவது எங்கள் வேலை. பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு குனிவோம், அவர்கள் ஏறிக்கொள்வார்கள். அவர்களுடைய தோல் பூட்ஸ் நனைந்தால் இரவு முழுக்கக் குளிரில் விறைக்க வேண்டும், அது நியாயம்தான். அதோடு இன்னொன்றும் உண்டு. கால் நனைந்து படகேறியவனைக் கடல் ஏற்கெனவே பிடித்துவிட்டது என்பார்கள். அவனோடு ஒரே படகில் யாரும் போகமாட்டார்கள். அடுத்தவன் மனைவி முதுகில் ஏறுவதும் கிடையாது. மனைவி, அம்மா, கூடப் பிறந்தவள், மகள், இவர்கள் மட்டும்தான் சுமக்கலாம். பிப்ரவரி மாதத் தண்ணீரில் எங்கள் கால் என்ன ஆயிற்று என்று இதுவரை எவனும் கேட்டதில்லை.

எல்ஸ்பெட் நல்ல உயரம், அகலமான தோள். பதினைந்து வயதிலேயே அப்பாவைச் சுமந்தாள், அவரும் லேசான ஆள் இல்லை. இருபதில் ஜீம்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு அவனைச் சுமந்தாள். காலையில் ஆயிரம் தூண்டில் முள்ளுக்கு மட்டி இரை கோர்ப்பாள், மத்தியானம் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு ஏழு மைல் நடந்து விற்றுவிட்டு வருவாள். இந்தக் கரையில் அதெல்லாம் ஒரு பெருமையே இல்லை. நாங்கள் எல்லாரும் அதைத்தான் செய்தோம்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு ஆகஸ்ட் மாதம். ஹெர்ரிங் மீன் கொட்டிக் கிடந்த பருவம். அன்று சாயங்காலம் கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கல்யாணமாகாத என் தம்பி வாட்டியை நான் சுமந்தேன். பத்தொன்பது வயது. வழி நெடுக என் காதுக்குள் ஊதிக்கொண்டே வந்தான். தண்ணீரில் போட்டுவிடுவேன் என்று மிரட்டினேன். பக்கத்தில் எல்ஸ்பெட் ஜீம்ஸைச் சுமந்துகொண்டு போனாள்.

நடுராத்திரிக்கு மேல் காற்று திரும்பியது. வடகிழக்குக் கரை முழுக்க அன்று நூறு பேருக்கு மேல் கடலோடு போனார்கள். எங்கள் ஊரில் இரண்டு படகு, பத்து பேர். வாட்டி நான்கு மைல் தள்ளிக் கிடைத்தான். ஜீம்ஸ் கிடைக்கவே இல்லை. ஆனால் படகுகள் இரண்டும் முழுசாகக் கரைக்கு வந்து சேர்ந்தன. ஒரு பலகை உடையவில்லை. மேலே மூடி இல்லாத படகு, அலை உள்ளே விழுந்து விழுந்து நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு அரசாங்கம் ஒரு கேப்டனை அனுப்பியது. அவர் ஊர் ஊராக விசாரித்து, படகுக்கு மேல்தளம் போடுங்கள் என்று எழுதிவிட்டுப் போனார். எங்கள் ஆண்கள் கேட்டுச் சிரித்தார்கள். மேல்தளம் போட்டால் மீன் பிடிக்க இடம் போகும், சோம்பேறிகள் உள்ளே போய்த் தூங்குவார்கள், எல்லாவற்றுக்கும் மேல் படகு கனத்துவிடும், துறைமுகம் இல்லாத ஊரில் கரைக்கு இழுத்துப் போடவே முடியாது. இப்படி ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். என் புருஷன் டேவி அதற்குச் சவப்பெட்டி மூடி என்று பெயர் வைத்தான். அவனுக்கு வாய் மட்டும் எப்போதும் எட்டு முழம்.

இரண்டு வருஷம் கழித்து சாண்டர்ஸ் என்கிற படகுத் தலைவன் எல்ஸ்பெட்டைப் பெண் கேட்டு வந்தான். அவள் கதவில் சாய்ந்து நின்றுகொண்டே கேட்டாள்.

"ஒன் படகுக்கு மேல்பலகை போடுவியா?"

"போடுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. கல்யாணத்துக்கு அப்புறம் மொத வேல அதான்."

கல்யாணம் முடிந்தது. மூன்று வாரம் ஆயிற்று, தச்சன் வீட்டுப் பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மற்ற ஆண்கள் கேலி செய்ததில் அவனுக்குக் கூச்சம் வந்துவிட்டது. கேட்டால், இந்தப் பருவம் போகட்டும் என்றான். நல்லவன்தான், ஆனால் நாலு பேர் சிரித்தால் சுருங்கிப் போகிறவன்.

ஜூலையில் ஒரு நாள். படகுகள் மிதக்கின்றன, நாங்கள் எல்லாரும் குனிந்து நிற்கிறோம். சாண்டர்ஸும் வந்து எல்ஸ்பெட் பின்னால் நின்றான். அவள் குனியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள்.

"ஏய், குனி."

"மாட்டேன்."

"வெளையாடாத எல்ஸ்பெட். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். மூடி போட்ட படகுன்னா முதுகு தரேன். தெறந்த படகுக்கு ஒருத்தனத் தூக்கிட்டுப் போய்க் குடுத்தாச்சு. இன்னொருத்தனக் குடுக்க மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன். டேவியை முதுகில் வைத்துக்கொண்டே கத்தினேன்.

"என்னடி எல்ஸ்பெட், புது மாப்பிள்ள கனக்குறானா? வேணும்னா சொல்லு, எம் புருஷன எறக்கிட்டு வந்து தூக்கிவிடுறேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "நீ ஒந் தம்பியத் தூக்குனதே போதும் ஜேனட்" என்றாள்.

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. ஆனாலும் டேவியைக் கொண்டுபோய்ப் படகில் ஏற்றினேன். டேவி சாண்டர்ஸின் படகாள்தான்.

சாண்டர்ஸ் கோபத்தில் தானே தண்ணீரில் இறங்கி, பூட்ஸ் நிறையத் தண்ணீரோடு படகில் ஏறினான். அவன் ஏறிய மறு நிமிஷம் படகில் இருந்த நான்கு பேரும் எழுந்துவிட்டார்கள். டேவி அங்கிருந்தே கத்தினான்.

"ஏய் ஜேனட்! திரும்பி வா! ஈரக்காலோட நான் போக மாட்டேன்!"

நான்கு பெண்களும் மறுபடி இறங்கிப் போய் நான்கு ஆண்களையும் சுமந்து கொண்டுவந்து கரையில் விட்டோம். அன்று முதல் அவனுக்கு ஈரக்கால் சாண்டர்ஸ் என்றே பெயர். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஒரே பெயர், பட்டப்பெயர் வைக்காவிட்டால் ஆள் அடையாளம் தெரியாது. அவன் பேரப் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பதிவேட்டில்கூட ஈரக்கால்தான்.

மறுநாளும் அவள் குனியவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சாண்டர்ஸைச் சுமக்க அம்மாவோ கூடப் பிறந்தவளோ உயிரோடு இல்லை. மற்ற படகுகள் மீனோடு வந்தன, சாண்டர்ஸின் படகு கரையில் காய்ந்தது. எங்கள் நான்கு வீட்டு அடுப்பும் அந்தப் படகை நம்பியது. நாங்கள் சும்மா இருப்போமா? கிணற்றடியில் அவள் வந்தால் விலகி நின்றோம். எவளோ அவள் மீன்கூடைக் கயிற்றை அறுத்துவிட்டாள். எவளோ என்ன, நான்தான். அவள் வாசலில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர்ப் பாதிரியாரும் வந்து பார்த்தார். மனைவி கணவனுக்குப் பணிய வேண்டும் என்று வேத வசனம் சொன்னார்.

"பணியுறேன் ஐயா" என்றாள் எல்ஸ்பெட். "சட்ட தொவைக்கச் சொன்னா தொவைக்கிறேன், கஞ்சி காய்ச்சச் சொன்னா காய்ச்சுறேன். சாவக் கொண்டுபோய் விடுன்னு வசனம் எங்கயாவது இருந்தா காட்டுங்க, அதையும் செய்யுறேன்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சண்டை அவர்கள் வீட்டுக்குள்ளும் நடந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர், நான் காதை மூடிக்கொள்கிற ஆளும் இல்லை.

"கனக்கும்டி, புரிஞ்சுக்க. கரைக்கு யாரு இழுக்குறது?"

"இப்ப யாரு இழுக்குறா?"

"என்ன?"

"நீங்க கரையேறுனதும் குளிர் காயப் போயிடுறீங்க. கயித்தப் புடிச்சு இழுக்குறது யாரு? நீயா? டேவியா? கனக்குதுன்னு நாங்க எப்பவாவது சொன்னோமா?"

மேல்தளம் கனம் என்று இரண்டு வருஷமாகப் பேசியவர்கள் எல்லாரும் ஆண்கள். கயிறு பிடிக்கிற எங்களிடம் யாரும் கேட்டதில்லை. எங்களுக்கும் அது தோன்றியதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் காலை எல்ஸ்பெட் தச்சன் ஜார்டியிடம் போனாள். மேல்தளம் எவ்வளவு எடை வரும் என்று கேட்டாள். அவன் ஏதோ கணக்குச் சொன்னான். "எனக்குப் புரியுற மாதிரி சொல்லு, எத்தன மீன்கூட?" என்றாள். அவன் தாடியைச் சொறிந்து, நிறைந்த கூடை இருபது வரும் என்றான்.

அவள் கரைக்கு வந்தாள். முடிச்சுப் போட்ட கூடையில் கற்களை நிரப்பினாள், சுமந்துபோய்த் தண்ணீர் ஓரத்தில் கிடந்த சாண்டர்ஸின் படகில் கொட்டினாள். மறுபடி நிரப்பினாள். மத்தியானத்துக்குள் இருபது கூடை. அன்று காற்று சரியில்லாததால் எல்லா ஆண்களும் கரையில்தான் இருந்தார்கள். கரையோரச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து புகைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். இருபதாவது கூடையைக் கொட்டிவிட்டு அவள் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தாள். படகு அசையவில்லை. மறுபடி இழுத்தாள். கால் வழுக்கி முட்டி சிராய்த்தது.

சுவரே சிரித்தது. டேவி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

"சாண்டர்ஸ், ஒரு கழுத வாங்கிப் பக்கத்துல கட்டுப்பா! ஜோடி சேந்துரும்!"

நான் மட்டிக் கூடையோடு அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தேன். எல்ஸ்பெட் மேல் எனக்கு அப்போது ஒன்றும் பாசம் பொங்கவில்லை. அந்தச் சிரிப்புதான் பிடிக்கவில்லை. தினம் தினம் என் முதுகில் ஏறுகிறவன் கழுதை என்கிறான். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

எல்ஸ்பெட் திரும்பிப் பார்த்தாள். "என்ன, சிரிக்க வந்தியா?"

"வாய மூடிட்டு இழு" என்றேன். "ஒங் கூடக் கயித்த அறுத்தது நான்தான்."

"தெரியும். அறுத்த எடத்தப் பாத்தாலே ஒங் கத்தி தெரியுது. ஒழுங்காத் தீட்டு அத."

இரண்டு பேர் இழுத்தும் அசையவில்லை. ஆனால் வாட்டியோடு போன பையனின் அம்மா வந்தாள். அவளுக்குப் பின்னால் மருமகள் வந்தாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. படகாட்களின் மனைவிகள் மூன்று பேரும் வந்தார்கள், அவர்களில் ஒருத்தி எட்டு மாதம், அவளை விரட்டி உருளைக் கட்டையை நகர்த்தச் சொன்னோம். கடைசியில் பதினான்கு பெண்கள். எல்ஸ்பெட் குரல் கொடுத்தாள், நாங்கள் சாய்ந்தோம். கூழாங்கற்கள் கரகரத்தன. படகு ஒரு முழம் ஏறியது, நின்றது, இன்னொரு முழம் ஏறியது. அலை எட்டாத இடம் வரை கொண்டுபோய் நிறுத்தினோம்.

சுவரில் ஒருவன் பல்லும் தெரியவில்லை. எல்ஸ்பெட் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பினாள்.

"டேவி, எறங்கி வா. வந்து படகுல ஏறி ஒக்காரு. இன்னும் கொஞ்சம் பாரம் தாங்கும். ஒன் வாயும் சேந்தா சரியா இருக்கும்."

இந்தத் தடவை நாங்கள் சிரித்தோம். சாண்டர்ஸ் சுவரிலிருந்து இறங்கி வந்தான். படகுக்குள் எட்டிக் கற்களைப் பார்த்தான், அவள் முட்டியைப் பார்த்தான். நேராகத் தச்சன் வீட்டுக்கு நடந்தான்.

மேல்தளம் வந்ததும் கடல் எங்களிடம் சாதுவாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் படகிலிருந்தும் ஒருவனை அலை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. ஆனால் ஐம்பத்தேழாம் வருஷக் குளிர்காலத்தில் வேறு இரண்டு படகுகள் திரும்பாத இரவில், ஈரக்கால் படகு அலைக்கு அடியில் மூன்று முறை முங்கி மூன்று முறை எழுந்து வந்தது. உள்ளே என் டேவி இருந்தான். வந்து சேர்ந்ததும் சவப்பெட்டி மூடி எப்படி இருந்தது என்று கேட்டேன். கஞ்சி வை என்றான்.

சாண்டர்ஸ் அறுபத்தெட்டு வயதில் நெஞ்சில் சளி கட்டி மூன்று மாதம் படுத்தான். எல்ஸ்பெட்டைப் படாத பாடு படுத்தினான், அவளும் விடாமல் பதிலுக்குத் திட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டான். துக்கம் கேட்க ஊரே வந்தது. துக்க வீட்டில் கடலைத் திட்டித்தான் எங்களுக்குப் பழக்கம், எந்தக் கரையில் கிடைத்தான் என்று கேட்டுத்தான் பழக்கம். இங்கே ஆள் கட்டிலில் கிடந்தான், தலை வாரி, சுத்தமான சட்டையோடு. எல்லாரும் வாசலோரமாகத் தள்ளி நின்றோம்.

எல்ஸ்பெட் கட்டில் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"ஏன் தள்ளி நிக்கிறீங்க? கிட்ட வந்து பாருங்க. கஞ்சி ஆறிப்போச்சுன்னு என்னத் திட்டிட்டுச் செத்தான். மொகத்த நான் கழுவுனேன். கண்ண நான் மூடுனேன். எம் புருஷன் படுக்கையில செத்தான்டி, ஜேனட். நல்லாப் பாத்துட்டுப் போங்க எல்லாரும்."