வேட்டி விரித்த கொல்லை

விண்வெளி விஞ்ஞானி என்று சொன்னால், நிலாவுக்குப் போய்விட்டு நேற்றுதான் இறங்கி வந்தவளைப் போல ஊரில் பார்க்கிறார்கள். நான் ராக்கெட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. சாட்டிலைட் அனுப்பும் நிலப்படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, எங்கே என்ன பயிர், எங்கே வறட்சி என்று பிரித்துக் கொடுப்பது என் வேலை. நாள் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்து யார் யார் வயலையோ பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் படத்தில் பச்சைப் பயிர் சிவப்பாகத் தெரியும். தோண்டிப் போட்ட சுண்ணாம்புக்கல் வெள்ளையாகத் தெரியும்.

அரியலூர்ப் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றி அந்த வெள்ளை வருஷா வருஷம் பரவிக்கொண்டிருந்தது. சிமெண்டுக்குக் கல் எடுக்கும் சுரங்கம். அதன் ஓரத்தில்தான் அப்பாவின் மேட்டுக் கொல்லை. பருத்தி போடுவார், இல்லாவிட்டால் மக்காச்சோளம். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சுரங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போக, கிணற்றுத் தண்ணீரும் கீழே இறங்கிக்கொண்டே போனது. அப்பா மட்டும் கொடுக்கமாட்டேன் என்று நின்றார். அந்தத் தைரியத்துக்குக் காரணம் நான் என்பதுதான் கொடுமை. "எம் பொண்ணு மேலேருந்து பாத்துக்கிட்டிருக்கு. அதுக்கு மேல ஒரு ஆபீஸ் உண்டா?" என்று டீக்கடையில் சொல்வாராம்.

ஒரு பொங்கலுக்குப் போயிருந்தேன். பெரம்பலூரில் பஸ் மாறி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை.

"கொல்லையில வேட்டி விரிக்கப் போயிருக்காரு. நீயே போய்ப் பாரு" என்றாள் அம்மா. அது சிரிப்பா எரிச்சலா என்று தெரியவில்லை.

கொல்லை நடுவில் நாலு வேட்டிகளை ஒன்றாகத் தைத்து விரித்து, காற்றில் பறக்காமல் ஓரமெல்லாம் கல் வைத்திருந்தார். பக்கத்தில் வானத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"பத்தரை ஆவப்போவுதுல்ல. உங்க சாட்டிலைட்டு அந்த நேரத்துக்குத்தான் வரும்னு நீதானே பாப்பா சொன்ன. எது நம்ம கொல்லைன்னு உனக்கு அடையாளம் தெரிய வேணாமா?"

எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது. எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் இல்லை. படத்தில் ஒரு புள்ளி என்பது ஒரு கல்யாண மண்டபம் அகலம் இருக்கும், வேட்டியெல்லாம் தெரியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப இன்னும் ரெண்டு வேட்டி சேத்துக்கறேன்."

"தெரிஞ்சாலும் ஒண்ணும் ஆவாதுப்பா. என்னால பாக்கத்தான் முடியும்."

"பாத்துட்டுச் சும்மாவா இருப்ப? சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லு."

வேலைக்குத் திரும்பியதும் என் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தேன். நல்ல மனிதர். கேட்கிறவர்களுக்கு மேப் போட்டுக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தச் சுரங்கம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று என்னால் அளந்து சொல்ல முடியும். ஒரு அடிகூடப் பின்னால் தள்ள முடியாது. அதைப் போனில் அப்பாவிடம் சொன்னபோது எனக்கு அவமானமாக இருந்தது.

"சரி பாப்பா, நீ பாத்துக்கிட்டே இரு" என்றார்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலைக்கு நடுவே எங்கள் ஊர்ப் படத்தைத் திறந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. வேட்டி தெரியாது என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் கொல்லை நடுவில் வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்று கண் தேடும். அந்த வருஷ மழைக்குக் கொல்லையில் கொஞ்சம் வெளிறிய சிவப்பு தெரிந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

போன மாதம் ஒரு மதியம் திறந்தபோது கொல்லை இருந்த இடத்தில் வெள்ளை. நடுவில் ஒரு புள்ளி மட்டுமில்லை, முழுக் கொல்லையும். எல்லை எது என்று தெரியாமல் சுரங்கத்தோடு சேர்ந்திருந்தது. கொடுத்துவிட்டதாக வீட்டில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, நம்ம கொல்லை..."

"தண்ணி சுத்தமா நின்னு போச்சு பாப்பா. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்" என்றார். பிறகு அவர் குரல் மாறியது. அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

"அப்ப அங்கேருந்து உனக்குத் தெரியுதா?"

"தெரியுதுப்பா" என்றேன்.