நான் அமுக்கிய வார்த்தை

மலாக்காவின் காஜா பெராங்கில் இருக்கும் இரண்டு கடைவீடுகளும் லாரிப் பட்டறையும் நானே எழுப்பியவை. படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் இது அதற்கெல்லாம் முன்னால், மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருடம், இதே பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நான் படம் ஓட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது.

அந்த வேலையைப் பார்த்தே பழகினேன். வெள்ளைக்காரப் படத்தில் முத்தம் வரப்போகிறது என்றால் லென்ஸுக்கு முன்னால் பிஸ்கட் டின் மூடியைப் பிடிப்பேன். ஒரு நொடி முந்தாது, பிந்தாது. குடும்பத்தோடு வந்தவர்கள் என் கையை நம்பித்தான் வந்தார்கள்.

அந்த வாரம் ஒரு தமிழ்ப் படம். கதாநாயகன் செத்துப்போன அம்மாமேல் விழுந்து "தாயே, தாயே" என்று கதறுவான். மலாய்க் காதுக்குத் 'தாய்' என்றால் மலம். முன்வரிசையில் இருந்த மலாய்க்காரர்களும், தமிழ் மறந்து மலாய் பேசும் நம் மலாக்கா செட்டிகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்வரிசைத் தமிழர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

"அசிங்கமாப் போச்சு. அந்த சீன வெட்டிப் போட்டுரு," என்றார் முதலாளி.

"வெட்ட வேணாம் மொதலாளி, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பகல் காட்சியில் அந்த வார்த்தை வந்த இடமெல்லாம் சத்தத்தை அமுக்கினேன். ஆறு இடம். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படம் முடிந்ததும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஒருவர் மேலே என் மிஷின் அறைக்கு ஏறி வந்தார். கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் பாதையை அடைத்துவிட்டதால் அம்மாவின் சாவுக்குப் போக முடியாமல் போனவராம்.

"நேத்து சிரிச்சாங்கதான் அண்ணே. ஆனா வார்த்த கேட்டுச்சு. நீங்க வாயவே பொத்திட்டீங்க. எங்கம்மாவுக்கு அழ எனக்கு வேற எடம் ஏது?"

சாயங்காலக் காட்சிக்கு அவரை மறுபடி உட்காரச் சொன்னேன். அந்த இடம் வருவதற்கு முன் படத்தை நிறுத்தி, கீழே இறங்கித் திரைக்கு முன்னால் நின்றேன். முதலாளி கத்துவது கேட்டது. 'எங்கள் பாஷையில் தாய் என்றால் அம்மா. இப்போது ஒருத்தன் அம்மாவைப் பறிகொடுத்து அழப்போகிறான்' என்று மலாயில் சொன்னேன். மேலே ஏறிப்போய்ச் சத்தத்தை அமுக்காமல் படத்தை ஓட்டினேன்.

இரண்டு பேர் தொண்டையைக் கனைத்தார்கள், அவ்வளவுதான். சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் துண்டைக் கடித்துப் பார்த்தார். பிறகு வாய்விட்டே அழுதார். மிஷின் இரைச்சலையும் மீறி அது மேலே வரை கேட்டது.

இன்றைக்குக் காது கூசும் வசவெல்லாம் படங்களில் தாராளமாக வருகிறது. டிவியில் அதற்குப் 'பீப்' போடுகிறார்கள். இந்த ஊரில் முதல் 'பீப்' போட்டவன் நான். போட்டது தாய் என்ற சொல்லுக்கு. இவ்வூர்க் கொட்டகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலாளிகளையே எழுதுகிறார்கள்; படத்தை நிறுத்திக் கீழே இறங்கியவனையும் எழுத வேண்டும், அந்தச் சொல்லை அமுக்கியவனும் அவனேதான் என்பதையும் விடாமல் எழுத வேண்டும்.