வாவிக் கிண்ணத்தின் மீதி ஆட்டம்

சந்தையில் மீன் பார்த்துக்கொண்டு நின்றபோது கைபேசி அடித்தது. பேசியவர் சுகந்தி, கல்லடி கதிர்காமத்தம்பி ஐயாவின் மகள்.

"அப்பா போயிட்டார் மாமா. விடியக் கொஞ்சம் முந்தி."

சுகந்தி தொடர்ந்தார்.

"கடைசியா ஒருக்காக் கண் முழிச்சவர். சேர்வ் ஆருட எண்டு கேட்டவர். மாமாட எண்டு சொன்னன். சரிதானே?"

"சரிதான் மகள். என்ட சேர்வ்தான்."

மீன்காரர் கையில் எடுத்த மீனைத் திரும்பக் கீழே வைத்துவிட்டு, "ஆர் ஐயா?" என்று கேட்டார். "அம்பயர்" என்றேன். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஐயாவை அறியாதவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வாவிக்கரையில் ஒரு காலத்தில் வருடந்தோறும் புல்தரை டெனிஸ் போட்டி நடந்தது. பெயர் வாவிக் கிண்ணம். நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்த கதிர்காமத்தம்பி ஐயா அதன் செயலாளராகவும் நடுவராகவும் இருந்தார். மைதானத்துக்குக் கோடு போடுபவரும் அவர்தான். அந்தப் போட்டியின் கடைசி இறுதியாட்டம் இன்றுவரை முடியவில்லை. அதை ஆடிய இருவரில் நான் ஒருவன். மற்றவர் பெரியகல்லாற்று ஜெயசீலன், இப்போது கனடாவில் இருக்கிறார்.

வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவற்றில் கந்தோர்களையும் கடதாசிக் கட்டுகளையும் என்ன செய்வதென்று நம்மவர்களுக்கு உடனே விளங்கியது. டெனிஸ் மைதானத்தை என்ன செய்வதென்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் விளையாடினோம். புதிதாக வங்கியில் வேலைக்குச் சேர்ந்த நான், முதல் நாளே ஒரு பந்தை ஓங்கியடித்து வாவிக்குள் அனுப்பினேன். பொறுக்கித் தர யாராவது வருவார்கள் என்று நின்றேன்.

நடுவரின் உயரக் கதிரையிலிருந்து ஐயாவின் குரல் வந்தது. "ஆட்டக்காரர் இறங்கி எடுக்கலாம்."

அது வாவிக் கிண்ணத்தின் விதி. தண்ணீருக்குள் பந்தை அடித்தவரே போய் எடுத்து வர வேண்டும். அதுவரை ஆட்டம் காத்திருக்கும். ஒரு முறை வெளியூரிலிருந்து வந்து ஆடிய நீதிபதி ஒருவர், தம் பதவியை மெல்ல நினைவூட்டிப் பார்த்தார். ஐயா எழுந்து நின்று, "கனம் நீதவான் அவர்கள் இறங்கி எடுக்கலாம்" என்று மரியாதையைக் கூட்டினாரேயொழிய விதியைக் குறைக்கவில்லை. முழங்காலுக்கு மேல் களிசானை மடித்துக்கொண்டு நீதிபதி இறங்கினார். தோணியில் போன ஒருவர், "ஐயா, இவடத்த இறால் இல்ல, அங்கால போங்க" என்று உதவியாகச் சொல்லிப் போனார்.

புல்தரையை அழுத்தும் உருளையை இழுக்க வவுணதீவிலிருந்து ஒரு சோடி மாடு வரும். குளம்பு புல்லைக் கிழித்துவிடும் என்று ஐயா மாடுகளின் கால்களுக்குச் சாக்கில் சப்பாத்துத் தைப்பித்திருந்தார். சப்பாத்தில்லாமல் எவரும் மைதானத்துக்குள் வரக்கூடாது என்ற அறிவித்தலில் மனிதருக்கு மட்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்பது அவர் வாதம். வலை கிழிந்தால் பெரியகல்லாற்றில் ஜெயசீலனின் தகப்பனாரிடம் போகும். அவர் மீன்பிடி வலை முடிகிற கையால் முடிந்து தந்தபிறகு, பந்தென்ன, குஞ்சு இறாலும் அந்தப் பக்கம் போகவில்லை. கிழிசலுக்குள்ளால் புள்ளி எடுத்துப் பழகிய எல்லோரும் அந்த வருடம் தோற்றுக்கொண்டே இருந்தோம்.

இனி அந்த இறுதியாட்டம்.

நாட்டில் நிலைமை சரியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வழக்கமாக வரும் வெளியூர் ஆட்டக்காரர்கள் வரவில்லை. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் தங்களுக்குள் கடவுச்சீட்டைப் பற்றியே பேசினார்கள். ஜெயசீலனும் நானும் ஆளுக்கொரு செட் எடுத்திருந்தோம். மூன்றாவதில் நான் ஐந்துக்கு நாலு முன்னால். நாற்பதுக்கு முப்பது. சேர்வ் என்னுடையது. டெனிஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பந்தைத் தொடக்கி அடிக்கும் முறை என்னுடையது; இன்னும் ஒரே ஒரு பந்தை நான் வென்றால் கிண்ணம் எனக்கு.

நான் இடப்பக்கம் போய் நின்று பந்தை நிலத்தில் தட்டினேன். அப்போது ஐயா கதிரையிலிருந்து சொன்னார்: "வெளிச்சம் போதாது. மிச்சம் நாளைக்கு."

திரும்பிப் பார்த்தேன். மேற்கே வவுணதீவுப் பக்கம் சூரியன் நன்றாகவே நின்றது. என் கண்ணில் வெயில் குத்தியது.

"ஐயா, ஒரு பந்துதானே!"

"ஒரு பந்துக்கும் வெளிச்சம் வேணும், ஆட்டக்காரர்."

ஜெயசீலன் வலைக்கு அப்பால் நின்று சிரித்தார். "மச்சான், ராவைக்கு நல்லா நித்திரை கொள். நாளைக்கு அழ வேணுமெல்லோ."

அடுத்த நாள் ஊரடங்கு. சில கிழமைகளில் மைதானத்தைச் சுற்றி மணல்மூட்டைகள் வந்தன. புல்லின் மேல் சப்பாத்துக் கால்கள் நடந்தன. அவை சாக்குச் சப்பாத்துகள் அல்ல.

அன்று தொடங்கி, ஐயா என்னைக் கண்டால் சுகம் விசாரிப்பதை விட்டுவிட்டார். "அஞ்சுக்கு நாலு. நாப்பதுக்கு முப்பது. உங்கட சேர்வ்" என்பார். நான் தலையாட்டுவேன். என் கலியாணத்தில் அட்சதை போட்டுவிட்டு மணவறைக்கு அருகில் நின்று அதையே சொன்னார். என் மனைவி அதை ஏதோ வாழ்த்து என்று நினைத்துக் கும்பிட்டார். அகதிகளாக ஒரு தேவாலய மண்டபத்தில் பாயோடு பாயாகக் கிடந்த நாட்களிலும், காலையில் முகம் கழுவப் போகிற வழியில் குனிந்து எண்ணிக்கையை அறிவித்துவிட்டுப் போவார். வீடு இருக்கிறதா என்று தெரியாது; ஊருக்கு எப்போது திரும்புவோம் என்று தெரியாது. என் சேர்வ் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் தெரியும். அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்தக் காலத்தில் யாரிடமும் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜெயசீலன் வெளிநாடு போக பஸ் ஏறியபோது வழியனுப்ப ஐயாவும் வந்தார்.

"போங்க தம்பி, நல்லா இரிங்க. ஆனா ஆட்டம் இரிக்கு."

"ஐயா, அவனுக்கே குடுத்திருங்க கிண்ணத்தை. நான் தோத்தன் எண்டு வைச்சுக்கொள்ளுங்க."

"அப்பிடி வைச்சுக்கொள்ளுறதுக்கு விதியில இடமில்லை."

ஆகவே கிண்ணம் ஐயாவின் வீட்டுச் சாமியறையில் தங்கியது. அவருடைய மனைவி அது சும்மா கிடப்பது பொறுக்காமல் திருநீறு போட்டு வைத்தார். எங்கள் பகுதியில் இவ்வளவு காலம் ஒருவர் பெயரும் பொறிக்கப்படாமல் இருந்த பொதுச்சொத்து அது ஒன்றுதான்.

யுத்தம் முடிந்தபின் நகரத்தில் சீமெந்து டெனிஸ் மைதானம் ஒன்று திறந்தார்கள். நாடா வெட்டுவதற்கு வந்தவர்களின் தொகை விளையாட வந்தவர்களைவிடக் கூடுதல். எங்கள் மீதி ஒரு பந்தைத் திறப்புவிழாவில் ஆடி முடிக்கலாம் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். ஜெயசீலன் பயணச்சீட்டு எடுக்கவும் தயார். ஐயா மறுத்துவிட்டார். நிறுத்திய ஆட்டம் நிறுத்திய இடத்தைப் போன்ற புல்தரையில்தான் தொடர வேண்டும் என்றார். அந்த விழா மலரில் "அழிந்துபோன வாவிக் கிண்ணப் போட்டி" என்று ஒரு வரி இருந்தது. ஐயா மலரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் அவரைக் கோபமாகக் கண்டது அன்று மட்டும்தான்.

"ஆர் எழுதினது இது? அழிஞ்சு போகல்ல. இடைநிறுத்தியிரிக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா இவங்களுக்கு?"

வித்தியாசத்தைக் காட்ட அவர் தம் வீட்டு வளவிலேயே புல் வளர்க்கத் தொடங்கினார். வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள கல்லடி மணலில், ஆழிப்பேரலை உப்பேற்றிவிட்டுப்போன நிலத்தில், புல். உப்பை வெல்ல நல்ல மண் வேண்டும் என்று வவுணதீவு வட்டையிலிருந்து வயல்மண் ஏற்றுவித்துப் பரப்பினார். வாழ்நாளெல்லாம் நிலம் அளந்தவர், வயல்மண்ணுக்குள் நெல் கிடக்கும் என்பதை எண்ணவில்லை. மழை பெய்ததும் மைதானம் முழுவதும் நெல் முளைத்தது. கோடு போட்ட இடம் மட்டும் வரம்பு போல இருந்தது. பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஐயா, சூடடிப்பு எப்ப? ஆள் பிடிக்கவோ?" என்று கேட்டார். அந்த வருடந்தான் ஜெயசீலன் முதல் தடவை ஊருக்கு வந்தார். பின்கோட்டில் நின்று கதிர்களைப் பார்த்தார். "மச்சான், இதுக்குள்ள பந்து துள்ளாது. கோழி விடலாம்" என்றார்.

நெல்லைப் பிடுங்கிப் புல்லை மீட்க ஐயாவுக்குச் சில மழைகள் தேவைப்பட்டன. முடிவில் ஒரு நாள் எல்லாம் கூடிவந்தது. ஜெயசீலன் வந்திருந்தார். புல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. வலை கட்டியாயிற்று. நானும் பழைய மட்டையைத் தூசி தட்டி எடுத்துப் போனேன். ஐயாவைச் சுகந்தியும் நானும் இருபுறமும் தாங்கி உயரக் கதிரையில் ஏற்றினோம். எண்ணிக்கையை அறிவித்தார். நான் இடப்பக்கம் போய் நின்றேன்.

ஐயா வெகுநேரம் புல்லையே பார்த்தார். பிறகு, "தரை ஈரம்" என்றார்.

கச்சான் காற்று வாட்டியெடுக்கிற காலம். வளவில் மிதித்த இடமெல்லாம் புழுதி பறந்தது. ஜெயசீலன் என்னைப் பார்த்தார். நான் ஜெயசீலனைப் பார்த்தேன். நடுவரோடு வாதாடுவது வாவிக் கிண்ணத்தில் வழக்கமில்லை. மட்டைகளை உறையில் போட்டுக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கப் போனோம்.

சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே இருந்தேன். எண்ணிக்கையைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வேறொன்று சொன்னார்.

"தம்பி, அண்டைக்கு வெளிச்சம் இருந்திச்சு."

"தெரியும் ஐயா. என்ட கண்ணுக்குள்ளதானே அடிச்சது."

"ஆக்கள் எல்லாம் போகத்தான் நிண்டாங்க. முடிச்சு வைச்சா அவ்வளவுதான், ஒருத்தரும் கிறுகிப் பாக்கமாட்டாங்க எண்டு தெரிஞ்சிது. மிச்சம் ஒண்டு இருந்தாத்தானே மறுகா வருவாங்க. நாளைக்கு வருவாங்க, அடுத்த வருசமும் வருவாங்க எண்டு நினைச்சன்." மூச்சு வாங்கினார். "எனக்கு ஒரு நாள்தான் வேண்டியிருந்தது தம்பி. உங்கட கிண்ணத்தைப் பறிச்சுப் போட்டன்."

"அப்பிடிச் சொல்லாதீங்க ஐயா. என்ட ரெண்டாவது சேர்வ் எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. நான் தோத்திருப்பன்."

சிரித்தார். "ஓம். அதுக்கும் இடம் இருந்திச்சு."

அவர் சிரித்து நான் கேட்டது அதுவே கடைசி. வெறும் பிடிவாதம் என்று ஊரும் நானும் எண்ணியிருந்ததற்குள் இப்படியொரு கெஞ்சல் இருந்தது என்பதை அறிந்தபோது அவருக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒரு பகிடிதான் இருந்தது. இன்னும் நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எண்ணிக்கையைச் சொல்லியிருக்கலாம். நானே அவருக்கு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

ஜெயசீலனுக்கு விமானம் கிடைக்கத் தாமதமாயிற்று. தகனத்துக்கு வர முடியாமல் எட்டாம் நாள் சடங்குக்குத்தான் வந்து சேர்ந்தார். சாமியறையில் சுகந்தி வாவிக் கிண்ணத்தை நீட்ட, மெதடிஸ்தக் கிறிஸ்தவரான ஜெயசீலன் அதற்குள் விரலை விட்டுத் திருநீறு எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். பிறகு இருவரும் வளவுக்குப் போனோம். நடுவில் வலை கட்டியபடியே இருந்தது. வெற்றுக் கதிரையில் ஒரு காகம் இருந்து எழுந்து போனது.

"மச்சான், காலும் கையும் இருக்கக்குள்ள அந்த ஒரு பந்தை அடிச்சு முடிப்பம்" என்றார் ஜெயசீலன். "மனிசனுக்கு ஆத்தும சாந்தியாவது கிடைக்கும்."

சுகந்தி உள்ளே போய் மட்டைகளையும் பந்தையும் எடுத்து வந்தார். ஜெயசீலன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எதிர்ப்பக்கம் நடந்தார். நான் இடப்பக்கம் போனேன். அஞ்சுக்கு நாலு, நாப்பதுக்கு முப்பது என்று உரத்துச் சொன்னேன். பந்தைத் தட்டினேன். மேலே எறிவதற்காக அண்ணாந்து பார்த்தேன். உச்சி வெயில். வானத்தில் ஒரு முகிலும் இல்லை. கண் கூசி நீர் வந்தது.

பந்தைக் களிசான் பைக்குள் போட்டேன்.

"வெளிச்சம் போதாது" என்றேன்.

ஜெயசீலன் கையை நெற்றிக்குக் குடைபிடித்து வானத்தை நன்றாகப் பார்த்தார். திருநீறு அவர் விரலில் ஒட்டியது.

"ஓம் மச்சான்" என்றார். "போதாதுதான். நாளைக்குப் பாப்பம்."

போய் வாருங்கள் ஐயா. ஐந்துக்கு நாலு. நாற்பதுக்கு முப்பது. சேர்வ் என்னுடையது.