அக்காவின் நெஞ்சில் படிந்த புகை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. வெற்றிலைகூடப் போடாதவருக்கு நெஞ்சில் எப்படி அந்த நோய் வந்தது என்று இழவு வீட்டிலேயே பலர் கேட்டீர்கள். அன்று நான் வாய் திறக்கவில்லை. உடன்பிறந்தவள் என்ற முறையில் இப்போது எழுதுகிறேன்.

கோல சிலாங்கூருக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அக்கா பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. மறுவாரமே அம்மாவோடு ரப்பர்ப் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போனார். அவர் பள்ளியை விட்டதால்தான் நான் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். அக்கா திருமணமாகி ஈஜோக் என்ற ஊரில் குடியேறினார். இரண்டு பெண் பிள்ளைகள். தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை நட்டதும் வேலை குறைந்தது. கோலாலம்பூரில் ஒரு பேருந்து நிலையத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு என்னையும் சேர்த்துவிட்டார்.

கூரை போட்ட நிலையம் அது. இன்ஜினை அணைக்காமல் பஸ்கள் வரிசையாக நிற்கும். புகை வெளியே போக வழியில்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பெருக்குவோம். மாலையில் அந்தத் துணியை அலசினால் தண்ணீர் கறுத்துப் போகும். முதலில் அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார். சில ஆண்டுகளில் வறட்டு இருமல் வந்தது. பேச்சின் நடுவே நிறுத்தி மூச்சைத் தேடுவார். வீடு திரும்பும் பஸ்ஸில் அவர் கண் அயர்ந்தால், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே வருவேன்.

ஒருநாள் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், எத்தனை வருடமாகச் சிகரெட் பிடிக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். தொட்டதே இல்லை என்றார் அக்கா. வேலை செய்யும் இடத்தைச் சொன்னதும் டாக்டர் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். நுரையீரல் மிகவும் கெட்டுவிட்டது, இனி அந்தப் புகையில் நிற்கவே கூடாது என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையை இறுகப் பிடித்தார். “வீட்டுல யாருக்கும் சொல்லாத பாப்பா. வேலைய மேப்பாக்குற மண்டோருக்குத் தெரிஞ்சா வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க. பெரியவ படிப்பு முடியட்டும்.”

நான் தலையாட்டினேன். எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அத்தான் கேட்டபோதெல்லாம் வெறும் சளி என்றேன்.

மழை பெய்த ஒரு மதியம், நின்றிருந்த பஸ்ஸின் பின்னால் அக்கா விழுந்தார். ஓட்டுநர் பின்னால் எடுக்கத் தொடங்கியிருந்தார். நான் இரண்டு கையாலும் பஸ்ஸைத் தட்டிக் கத்தினேன். வண்டி நின்றது. இறங்கி வந்த அந்த மலாய்க்காரர் அக்காவைத் தூக்கி இருக்கையில் கிடத்தி, பயணிகளோடு அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

பதினோரு நாள் பிராணவாயுவில் இருந்தார். கடைசியாகப் பேசியது என்னிடம்தான்.

“நீ அங்க போவாத.”

போகமாட்டேன் என்றேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் போனேன். வேறு வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

பெயர் தெரியாத அந்த ஓட்டுநருக்கும், இரவு பகல் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரித் தாதியருக்கும், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட ஈஜோக் அண்டை வீட்டாருக்கும், பாடையைச் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உண்மையை மறைத்ததற்காக அத்தானிடமும் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று மாதமாகப் படி ஏறினால் எனக்கும் மூச்சு வாங்குகிறது. இதுவரை யாருக்கும் தெரியாது. அத்தான், திங்கட்கிழமை என்னோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.